மோசமான வானிலையில் இயற்கை முறைச் சுழற்சியையும் வழக்கமான சுழற்சியையும் ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மழை பொய்த்த ஆண்டிலோ விடாமல் கொட்டிய ஆண்டிலோ, அறுவடை முடிந்ததும் இரண்டு வயல்களைக் காட்டி "இது தாங்கியது, அது தாங்கவில்லை" என்று சொல்லிவிடலாம். ஆனால் விதைத்த தேதி வேறு, மேடு பள்ளம் வேறு, முந்தைய பயிர் வேறு என்றால் அந்தப் பேச்சை வைத்து அடுத்த ஆண்டுக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

இந்தக் கட்டுரையில் இயற்கை முறை என்பது தொழு உரம், கம்போஸ்ட், பசுந்தாள் உரம், கருவிக் களையெடுப்பு ஆகியவற்றை நம்பி நடப்பது. வழக்கமான முறை என்பது ரசாயன உரமும் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் பயன்படுத்துவது. சுழற்சி என்பது ஒரே நிலத்தில் ஆண்டுக்காண்டு பயிரை மாற்றி மாற்றிப் போடும் வரிசை.

கெட்ட வானிலை விளைச்சலை இரண்டு வழியில் குறைக்கிறது. பயிரையும் மண்ணையும் நேராகத் தாக்குகிறது. நம் வேலையைத் தள்ளிப்போட வைத்தும் கெடுக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி ஒப்பீட்டை அமைப்பதுதான் முக்கியம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. எந்த வானிலை என்று முதலில் எழுதுங்கள்

"மோசமான வானிலை" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் அளக்க முடியாது. விதைப்பு நேரத்தில் மழை தாமதமா? களையெடுக்க வேண்டிய வாரங்களில் விடாத மழையா? பூக்கும் தருணத்தில் வறட்சியா? நீர் தேங்குவதா? உங்கள் நிலத்தை அடிக்கடி தாக்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்து எழுதிவையுங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அடிப்பதால் அளக்க வேண்டியதும் மாறும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடக்கும் நீண்டகாலச் சோதனையின் 1990 முதல் 2002 வரையிலான விளைச்சலைப் பாருங்கள். கருவிக் களையெடுப்பு சரியாக நடந்த ஆண்டுகளில் இயற்கை முறை மக்காச்சோளமும் சோயாவும் வழக்கமான முறையின் விளைச்சலில் 99 சதவீதம் தந்தன. விதைப்புக் காலம் ஈரமாகிக் களையெடுப்பு கெட்ட ஆண்டுகளில் அது 74 சதவீதமாக இறங்கியது. அதே நிலம், அதே சுழற்சி. எல்லா ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி மட்டும் போட்டிருந்தால், சிக்கல் எந்த வாரங்களில் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

வறட்சிக்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இயற்கை வேளாண்மையை ஆராயும் ரோடேல் நிறுவனம் 1981-இல் தொடங்கிய சோதனையில், கடும் வறட்சி வந்த 1999-இல் எரு இட்ட இயற்கை முறை மக்காச்சோளம் ஹெக்டேருக்கு 1,511 கிலோ தந்தது. வழக்கமான முறை 1,100 கிலோ. பயறுவகைப் பசுந்தாளை மட்டும் நம்பிய இயற்கை முறை வெறும் 400 கிலோ அளவுதான். சோயாவிலோ அதே ஆண்டு அந்தப் பசுந்தாள் முறைதான் 1,800 கிலோவுடன் முதலில் நின்றது. எரு முறை 1,400, வழக்கமான முறை 900. ஆகவே "இயற்கை முறை வறட்சியைத் தாங்குமா" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தச் சுழற்சி, எந்தப் பயிர், எந்த வறட்சி என்று கேட்டால்தான் விடை வரும்.

2. கையில் இருக்க வேண்டியவை

வயலிலேயே நிற்கும் ஒரு மழைமானி. மண் எடுக்கும் துரப்பணம். 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையம். அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம். கிராம் வரை காட்டும் தராசு, மண் உலர்த்த அடுப்பு, தானிய ஈரமானி. அப்புறம் தடித்த அட்டை போட்ட ஒரு குறிப்பேடு.

மழைமானி பக்கத்து நிலையத்தில் இருப்பது போதாது. இடிமழை ஒரு வயலில் கொட்டிவிட்டு அடுத்த வயலை விட்டுவிடும்.

இவற்றைவிட முக்கியமாக, குறைந்தது ஒரு முழுச் சுழற்சிக் காலத்துக்கு நிலத்தை வேறு எதற்கும் தொடுவதில்லை என்ற உறுதி வேண்டும். நான்காண்டுச் சுழற்சி என்றால் நான்கு ஆண்டுகள். எட்டு ஆண்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் நீங்கள் எழுதிய கெட்ட வானிலை முதல் சுற்றில் வராமலே போகலாம்.

3. எதற்கு எதிரே எதை வைப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இயற்கை முறையில் மக்காச்சோளம், சோயா, கோதுமை, பசுந்தாள் என நான்காண்டுச் சுழற்சி. வழக்கமான முறையில் மக்காச்சோளம், சோயா என இரண்டாண்டுச் சுழற்சி. இந்த இரண்டையும் அருகருகே வைத்து, கிடைத்த வேறுபாடு முழுவதையும் இயற்கை முறையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது சுழற்சியின் நீளத்தால் வந்ததாகவும் இருக்கலாமே.

அதனால் மூன்றை வையுங்கள்: இயற்கை முறையில் நீண்ட சுழற்சி, வழக்கமான முறையில் அதே நீண்ட சுழற்சி, வழக்கமான முறையில் குறுகிய சுழற்சி. முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இடுபொருளால் வருவது. பின் இரண்டுக்கும் இடையிலானது சுழற்சியால் வருவது. சுழற்சியின் பங்கைத் தனியாகக் கண்டபின் தங்கள் முடிவையே மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே இந்த மூன்றாவதைச் செலவு என்று ஒதுக்காதீர்கள்.

4. துண்டுகளைப் பிரித்தல்

சுழற்சியின் ஒவ்வொரு பயிரும் ஒவ்வொரு ஆண்டும் நிலத்தில் இருக்க வேண்டும். ஒரே துண்டில் இந்த ஆண்டு மக்காச்சோளம், அடுத்த ஆண்டு சோயா என்று மட்டும் போனால், வறட்சி வந்த ஆண்டில் மக்காச்சோளம் நின்றதா சோயா நின்றதா என்பது தற்செயலாகிவிடும். வறட்சியில் மக்காச்சோளம் என்ன ஆகும் என்பதை அறிய இன்னொரு வறட்சிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கணக்கு இப்படி வரும். நீண்ட சுழற்சிகள் இரண்டுக்கும் தலா 4 துண்டுகள், குறுகியதற்கு 2. ஆக, எல்லா முறைகளும் ஒருமுறை இடம்பெறும் ஒரு தொகுதிக்கு 10. நான்கு தொகுதிகள் வைத்தால் 40 துண்டுகள். அவ்வளவு இடம் இல்லையென்றால் குறுகிய சுழற்சியை விட்டுவிட்டு மூன்று தொகுதிகளுடன் 24 துண்டுகளில் நடத்தலாம். அப்போது இரண்டு முறைக்கும் ஒரே பயிர் வரிசைதான் இருக்க வேண்டும். தொகுதிகளை மட்டும் மூன்றுக்குக் கீழே குறைக்காதீர்கள். ஒரு துண்டில் எலி புகுந்தாலும் நீர் தேங்கினாலும் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும்.

தொகுதிகளைச் சரிவுக்குக் குறுக்காக அமையுங்கள்: மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. வறட்சியில் மேடு முதலில் காயும், மழையில் பள்ளம் முதலில் நிரம்பும். ஒரு தொகுதிக்குள் எல்லா முறைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்த வேறுபாடு எல்லாருக்கும் பொதுவாகிவிடும். தொகுதிக்குள் எந்த முறை எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நீங்களே இடம் ஒதுக்கினால், தெரியாமலே உங்களுக்குப் பிடித்த முறைக்கு நல்ல இடம் போய்விடும்.

துண்டின் அகலம் உங்கள் விதைக்கும் கருவியின் அகலத்துக்கு முழு மடங்காக இருக்கட்டும். துண்டுகளுக்கிடையே இடைவெளிப் பட்டை விடுங்கள். களைக்கொல்லி காற்றில் பறக்கும், உரம் மழைநீரோடு வழிந்தோடும்.

5. தொடங்கும் முன் ஒரு பொதுப் பயிர்

முதல் பருவத்தில் நிலம் முழுவதும் ஒரே பயிரை, ஒரே விதத்தில் விளைவித்துத் துண்டு துண்டாக எடை போடுங்கள். ஒரு பருவம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் எந்தத் துண்டு இயல்பாகவே வளமானது என்பது இதில்தான் தெரியும். குலுக்கல் சீட்டை இதற்கு அப்புறம் எடுத்தால் தொகுதி எல்லைகளையும் திருத்திக்கொள்ளலாம்.

அதோடு 0–15, 15–30, 30–60 செ.மீ. ஆழங்களில் மண் எடுத்து அங்ககக் கார்பன், கார அமில நிலை, மணி, சாம்பல் சத்துகளைப் பரிசோதித்துவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து "மண் மாறிவிட்டது" என்று சொல்ல இந்தத் தொடக்க எண் வேண்டும்.

6. முடிவு விதிகளை விதைப்புக்கு முன்பே எழுதுங்கள்

ஒப்பீடு கெடுவது பெரும்பாலும் மழை கொட்டும் வாரத்தில்தான். அப்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இயற்கை முறைத் துண்டைக் காப்பாற்ற ஒருவர் கூடுதலாகக் கையால் களை எடுப்பார். வழக்கமான துண்டுக்கு ஒருவர் கூடுதல் உரம் இடுவார். பருவ முடிவில் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு முறைகளை அல்ல, இரண்டு ஆட்களின் பதற்றத்தை.

எனவே ஒவ்வொரு முறைக்கும் "இப்படி நடந்தால் இப்படிச் செய்வோம்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். குறைந்தது இவை இருக்கட்டும்.

விதைப்பு: இரண்டு முறைக்கும் ஒரே தேதி என்று கட்டாயப்படுத்தாதீர்கள். இயற்கை முறையில் களை விதைகளை ஒருமுறை முளைக்கவிட்டு அழித்த பின் விதைப்பது நல்ல பழக்கம். அதற்குச் சில நாட்கள் தள்ளிப்போகும். அந்த முறையில் தேர்ந்த விவசாயி எப்போது விதைப்பாரோ அப்போதே விதையுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள், அது போதும். ரகம் மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். இயற்கை முறைக்கு மருந்து கலக்காத விதை.

பசுந்தாளை மடக்கி உழும் நாள்: வறட்சி வரும் இடங்களில் இதுதான் மிக முக்கியமான விதி. பசுந்தாள் பயிர் நிற்கும் ஒவ்வொரு நாளும் தழைச்சத்தைச் சேர்க்கிறது. கூடவே அடுத்த பயிரின் தண்ணீரையும் குடிக்கிறது. "மேல் 30 செ.மீ. மண்ணில் ஈரம் இந்த அளவுக்குக் கீழே போனால், பூக்கும் வரை காத்திருக்காமல் உடனே மடக்குவோம்" என்று ஓர் எண்ணோடு எழுதுங்கள்.

களையெடுப்பு: பயிர் முளைத்து எத்தனை நாளில் முதல் சுற்று, எத்தனையில் இரண்டாவது. மழையால் தவறினால் எத்தனை நாள் வரை காத்திருப்பது. அதையும் தாண்டினால் என்ன செய்வது: வரிசைக்கு இடையே ஆழமாக ஒரு ஓட்டமா, கை ஆட்களா, விட்டுவிடுவதா. கை ஆட்கள் என்றால் ஹெக்டேருக்கு அதிகபட்சம் எத்தனை ஆள் நாள் என்பதையும் எழுதுங்கள். உண்மையான பண்ணையில் கிடைக்காத ஆள் பலத்தைச் சோதனையில் காட்டக் கூடாது.

உரம்: பெருமழைக்கு அப்புறம் வழக்கமான துண்டில் தழைச்சத்து கரைந்து போயிருக்கும். மறுபடி இடுவதா, எந்த மண் பரிசோதனை அளவுக்குக் கீழே இடுவது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இயற்கை முறையில் சிக்கல் வேறு: குளிர்ந்து நீர் கோத்த மண்ணில் எரு மெதுவாகத்தான் சிதையும், சத்து தாமதமாக வரும்.

மறு விதைப்பு: ஒரு மீட்டர் வரிசையில் எத்தனைக்குக் குறைவான செடிகள் இருந்தால் அழித்துவிட்டு மறுபடி விதைப்பது.

7. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு சின்னச் சதுரங்கள்

எனக்குத் தெரிந்து ஒப்பீட்டின் தரத்தை ஒரேயடியாக உயர்த்துவது இதுதான். ஆனால் பலர் செய்வதில்லை.

ஒவ்வொரு துண்டிலும் ஓரத்திலிருந்து தள்ளி, சில வரிசை அகலத்தில் இரண்டு சதுரங்களைக் குச்சி நட்டுக் குறித்துவிடுங்கள். முதலாவதில் பருவம் முழுவதும் ஒரு களைகூட இல்லாமல் கையால் எடுங்கள். இரண்டாவதில் பயிர் வாடத் தொடங்கும் முன் தண்ணீர் விடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் விட்டால் அது 25 மி.மீ. மழைக்குச் சமம்.

இப்போது பாருங்கள். களையற்ற சதுரத்துக்கும் மீதித் துண்டுக்கும் உள்ள விளைச்சல் வேறுபாடு களையால் வந்த இழப்பு; அதாவது வேலை தள்ளிப்போனதன் விலை. தண்ணீர் விட்ட சதுரத்துக்கும் மீதித் துண்டுக்கும் உள்ள வேறுபாடு வறட்சியால் வந்த இழப்பு. இயற்கை முறைத் துண்டில் களை இழப்பு பெரிதாகவும் வறட்சி இழப்பு சிறிதாகவும் இருந்தால் நீங்கள் திருத்த வேண்டியது களையெடுப்பை; மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வெறும் விளைச்சல் எண் இதை ஒருபோதும் சொல்லாது.

துண்டின் பொது விளைச்சலில் இந்தச் சதுரங்களைச் சேர்க்காதீர்கள்.

8. வேலை செய்ய முடிந்த நாட்களைப் பதிவு செய்தல்

மழை எத்தனை மி.மீ. என்பதைவிட, வயலில் இறங்க முடிந்த நாட்கள் எத்தனை என்பது பல ஆண்டுகளில் அதிகம் சொல்லும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் விதைப்பு ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். களிமண் உருண்டையாகப் பிதுங்கினால் இன்னும் பொறுக்குப் பதம், அதாவது வேலை செய்யத் தக்க ஈரநிலை, வரவில்லை. "இறங்கலாம்" அல்லது "முடியாது" என்று ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே மழைக்கு ஒரு துண்டு முன்னதாகப் பதம் வருவதைக் காணலாம். நீர் உறிஞ்சும் திறனில் உள்ள வேறுபாடு அங்கே நேராகவே தெரியும்.

பக்கத்துப் பத்தியில், செய்ய வேண்டிய வேலை, விதிப்படி வர வேண்டிய நாள், உண்மையில் செய்த நாள். தாமதம் மழையாலா, கருவி பழுதாலா, ஆள் வராததாலா என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். இல்லாவிட்டால் டிராக்டர் பழுதான வாரம் வானிலைக் கணக்கில் ஏறிவிடும்.

9. மண் ஈரமும் களையும்: அளக்கும்போது வரும் பிழைகள்

மண் ஈரத்துக்கு, எடுத்த மண்ணை எடை போட்டு, 105 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். இழந்த நீரை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் சதவீதம். இங்கேயே நின்றுவிட்டால் தவறான முடிவுக்குப் போவீர்கள்.

ஓர் உதாரணம். இயற்கை முறைத் துண்டில் ஈரம் 22 சதவீதம், வழக்கமானதில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதுதான் ஈரமானது போலத் தெரிகிறது. ஆனால் எரு சேர்ந்த மண் பொலபொலவென்று இருக்கும். அதன் பருமன் அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர்ந்த எடை, கிராமில்) 1.2, மற்றதில் 1.35 என்றால், மேல் 300 மி.மீ. ஆழத்தில் உள்ள நீர் முதலாவதில் 79 மி.மீ., இரண்டாவதில் 81 மி.மீ. வித்தியாசமே இல்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பருமன் அடர்த்தியை அளந்து, ஈரத்தை மி.மீ. கணக்கில் மாற்றித்தான் ஒப்பிடுங்கள். சதவீதத்தை மட்டும் வைத்து எழுதிய கணக்குகளைக் கண்டால் நான் நம்புவதில்லை.

நீர் உறிஞ்சலுக்கு வளையத்தைச் சில செ.மீ. ஆழம் அடித்து இறக்கி, 440 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், 15 செ.மீ. வளையத்தில் அது 25 மி.மீ. நீர். முதல் தடவை மண்ணை நனைக்க. இரண்டாவது தடவை ஊற்றி வடியும் நேரத்தைக் குறியுங்கள். டிராக்டர் சக்கரத் தடத்திலும் உழுத அடுத்த நாளிலும் அளக்காதீர்கள்.

களைக்கு, பயிர் இடைவெளியை மூடும் தருணத்தில் சட்டத்தை ஒவ்வொரு துண்டிலும் நான்கு இடங்களில் வைத்து, உள்ளே இருப்பதை வெட்டி உலர்த்தி எடை போடுங்கள். எங்கே வைப்பது என்பதை முன்பே எண்ணி வைத்த அடி எண்ணிக்கையால் முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்து வைத்தால், களை நிறைந்த இடத்துக்கே கை போகும்.

10. அறுவடை

நடு வரிசைகளை மட்டும் எடுங்கள். ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் நீரும் கூடுதல். பக்கத்துத் துண்டின் பாதிப்பும் உண்டு.

ஈரமான ஆண்டில் தானிய ஈரம் துண்டுக்குத் துண்டு மாறும். எடையை 100-இலிருந்து தானிய ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி, 100-இலிருந்து எல்லாத் துண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட ஈரத்தைக் கழித்த எண்ணால் வகுங்கள். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ என்றால், 14 சதவீதத்தில் அது 93 கிலோ.

அழிந்துபோன துண்டுக்குப் பூஜ்யம் எழுதுங்கள். "அது கணக்கில் வராது" என்று விட்டுவிட்டால், எந்த முறை அதிகம் அழிந்ததோ அதுவே நல்ல சராசரியோடு வெளியே வரும். விதிவிலக்கு ஒன்றுதான்: மாடு மேய்ந்தது போல வானிலைக்கும் முறைக்கும் தொடர்பில்லாத சேதம். அதையும் நடந்த அன்றே எழுதியிருக்க வேண்டும், அறுவடைக்கு அப்புறம் நினைவுபடுத்திக்கொண்டு எழுதக் கூடாது.

11. கணக்குப் போடும் வரிசை

முதலில் பயிர் வாரியாக, தொகுதிக்குள்ளேயே விகிதம் எடுங்கள்: இயற்கை முறை விளைச்சலை அதே தொகுதியின் வழக்கமான விளைச்சலால் வகுப்பது. அப்புறம் ஆண்டுகளை நீங்கள் முதல் படியில் எழுதிய வானிலை வகைப்படி பிரியுங்கள். விளைச்சலைப் பார்த்த பின் "இது கெட்ட ஆண்டு" என்று பெயர் வைக்காதீர்கள். மழைப் பதிவையும் வேலை நாள் பதிவையும் மட்டும் வைத்துப் பிரியுங்கள்.

அடுத்தது முழுச் சுழற்சிக் கணக்கு. பசுந்தாள் நின்ற ஆண்டில் அந்தத் துண்டிலிருந்து விற்க ஒன்றும் வராது. மக்காச்சோள விளைச்சலை மட்டும் ஒப்பிட்டால் அந்த வெறும் ஆண்டு மறைந்துவிடும். நான்கு துண்டுகளின் வரவு, செலவு, ஆள் நாள் எல்லாவற்றையும் கூட்டி, ஹெக்டேருக்கு ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று காணுங்கள். வழக்கமான முறைக்கும் இதே கணக்குதான்.

சராசரியோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு முறையின் மிகக் குறைந்த ஆண்டு எது, எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். கடன் வாங்கி விதைப்பவருக்குச் சராசரியைவிட அந்த ஒரு எண்தான் பெரியது.

முறை மாறிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள். மண் உயிர்களும் களை வகைகளும் மாறிக்கொண்டிருக்கும் காலம் அது. அதைப் பின் ஆண்டுகளோடு கலந்தால் இயற்கை முறைக்கு அநியாயம். பேசாமல் மறைத்தால் புதிதாக மாறப்போகிறவருக்கு அநியாயம்.

12. பருவம் கெட்டுப்போனால்

விதி எழுதியபோது நினைக்காத ஒன்று நடக்கும். முளைத்ததும் ஒரு வாரம் வயல் நீரில் கிடக்கலாம். அப்போது பருவத்தின் நடுவில் விதியை மாற்றாதீர்கள். அந்த ஆண்டை எழுதிய விதிப்படியே முடித்து, என்ன போதவில்லை என்பதைக் குறித்து, அடுத்த விதைப்புக்கு முன் எல்லா முறைகளுக்கும் சேர்த்துத் திருத்துங்கள். பழைய விதியைக் கிழிக்காமல், திருத்திய தேதியோடு குறிப்பேட்டிலேயே வையுங்கள்.

பயிர் முழுதும் போனாலும் மண் ஈரம், களை எடை, வேலை நாட்கள் ஆகியவற்றின் பதிவை நிறுத்தக் கூடாது. அடுத்த பயிர் அந்த மண்ணில்தான் முளைக்கப்போகிறது. வெள்ளம் வடிந்த துண்டில் எது முதலில் பதத்துக்கு வந்தது, எதில் களை விதை கொட்டிப் பெருகியது என்பது அதற்கடுத்த ஆண்டின் விளைச்சலில் தெரியும். அப்போது காரணம் தேடிப் பின்னோக்கிப் புரட்ட இந்தப் பக்கங்கள் இருக்க வேண்டும்.